கிணற்று நீச்சல்: கண்ணீர் அஞ்சலி

கொங்குப் பக்கத்தில் யார் இறந்தாலும் மறுநாள் காலைக்குள் முச்சந்தியில் பிளக்ஸ் எழுந்துவிடும். தோற்றம், மறைவு, கைகூப்பிய படம், கீழே பேரன் பேத்திகளின் பெயர் வரிசை. கிணற்று நீச்சல் செத்து இருபது வருடமாவது இருக்கும். யாரும் பிளக்ஸ் அடிக்கவில்லை. தோற்றம் எப்போது என்று தெரியாது; முதல் தோட்டத்துக் கிணறு வெட்டி அதில் தண்ணீர் ஊறிய நாளாக இருக்கலாம். மறைந்த நாளும் ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் கிணறு வற்றிய வருடம், இன்னோர் ஊரில் கடைசியாகப் பழக்கிவிட்ட பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன வருடம்.

ஊர்ப்பிள்ளைகள் வாத்தியாரும் கட்டணமும் இல்லாமல், ஒரு கோடை விடுமுறைக்குள் தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டு மேலே ஏறினார்களே, அந்த ஏற்பாடு முழுவதற்கும்தான் இந்த அஞ்சலி. அதற்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. ‘நீச்சல் பழகறது’ என்பார்கள், அவ்வளவுதான். இப்போது நகரத்துப் பள்ளிகள் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுகின்றன. ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், மண்ணில் ஆளுக்கொரு விதை ஊன்றுகிறார்கள், ஜூஸ் குடித்துவிட்டு ஏறிப் போகிறார்கள். ரசீதில் இயற்கைக் கல்வி என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்ப்பிள்ளைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் கிணற்றைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக் கொல்லையில் உறை இறக்கிய வட்டக் கிணற்றை மனதில் வைத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது. இது பாறையை வெடி வைத்துப் பிளந்து சதுரமாக வெட்டியது. வாய் அகலமே 30, 40 அடி இருக்கும். ஆழம் 60 அடி என்பது சாதாரணம். 100 அடியைத் தாண்டியவையும் உண்டு. மண் சரியாமல் இருக்க மேலே கருங்கல் கட்டடம், அதற்குக் கீழே வெறும் பாறை. ஒரு சுவரில் ஒற்றை ஒற்றைக் கல்லாகப் படி நீட்டிக்கொண்டிருக்கும். மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்து மேடை ஒரு பக்கம், மோட்டார் ரூம் ஒரு பக்கம். பல கிணறுகளில் பாதி ஆழத்தில் பாறையில் ஒரு திட்டை விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தத் திட்டுதான் ஒன்றாம் வகுப்பு. தண்ணீர் அதற்கு மேல் இடுப்பளவு நிற்கிற மாதத்தில் சின்னப் பிள்ளைகளை இறக்குவார்கள்.

பாடம் தண்ணீரில் ஆரம்பிக்காது, கூரைமேல் ஆரம்பிக்கும். சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, பறித்துக் கூரைமேல் போட்டு வைப்பார்கள். எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். பச்சை வாடை போகாத காய் இரண்டாம் நாளே ஊறி அழுகிவிடும். காய்ந்ததற்கு எங்கள் பக்கம் சுரைப்புருடை என்று பெயர். இரண்டு புருடையைக் கயிற்றில் பிணைத்து, முதுகில் அக்குளுக்கு நேராக வருகிற மாதிரி கட்டுவார்கள். கட்டு மேலே ஏறினால் கழுத்தை அறுக்கும். கீழே இறங்கினால் இடுப்பு மிதந்து தலை முங்கும். எங்கே கட்டுவது என்பது ஒருமுறை தலைகுப்புறப் போய் மூக்கில் தண்ணீர் ஏறியவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

புருடை கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆனைக்கற்றாழை. வேலியோரத்தில் அது பூத்து முடித்துச் சாகிறபோது நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரமான தண்டு ஒன்று நிற்கும். வெட்டிக் காயவைத்தால் எடையே இருக்காது. இரண்டு முழத் துண்டுகளாக நறுக்கி மூன்றைச் சேர்த்துக் கட்டினால் பெரிய ஆளையே தாங்கும். கல்யாண முருங்கைக் கட்டையும் மிதக்கும், ஆனால் ஊற ஊறக் கனக்கும். எது மிதக்கும், எது ஊறும், எது முங்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் அடர்த்தி என்று ஒரு பாடம் வருவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தது. பாடம் வந்தபோது நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். முதுகில் கட்டியது இதைத்தான் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு டால்டா டின் வந்தது, மண்ணெண்ணெய் கேன் வந்தது, கடைசியாக லாரி டியூப். டியூப் வந்த பிறகு பழக ஆகும் நாள் கூடிவிட்டது என்பது என் கணிப்பு. அது ரொம்ப சௌகரியமாகத் தாங்கும், விட்டு இறங்க மனசு வராது. சுரைப்புருடை அப்படியில்லை. சில நாளில் எங்காவது மயிரிழை விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் ஏறும். அது தாங்குவது நாளுக்கு நாள் குறையும், பையன் கால் உதைப்பது நாளுக்கு நாள் கூடும். ஒருநாள் கரையேறிக் கயிற்றை அவிழ்த்தால் இரண்டு காயும் நிறையத் தண்ணீர் இருக்கும். அவன் அன்று புருடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீந்தியிருக்கிறான். இதைவிட நல்ல பயிற்சிக் கருவியை எவன் யோசித்துக் கண்டுபிடிப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

பழக்கிவிடுகிறவர் பெரும்பாலும் பெரியவர் இல்லை. அப்பாக்களுக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு ‘தானா வருவான்’ என்று பீடி பற்றவைக்கிற சித்தப்பாக்கள் இருந்தார்கள். அவர்களிடம் பழகியவர்களைவிட அவர்களால் தண்ணீரையே வெறுத்தவர்கள் அதிகம். உண்மையான வாத்தியார் போன வருடம் பழகிய பையன். எங்கள் கூட்டத்துக்கு என் பெரியம்மா மகன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டு, மறுமுனையைக் காலடியில் மிதித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்பான். “காலை ஒதைடா. கையப் பாக்காத, கையி தன்னால வரும். கத்துனா வாய்க்குள்ள தண்ணி போகும், கத்தாத.” அவ்வளவுதான் அவன் சொல்லிக்கொடுத்தது. முங்கினால் கடலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கயிற்றை இழுப்பான். “அண்ணா, அண்ணா” என்று அலறினால் இன்னும் மெதுவாக இழுப்பான். பயம் எப்படியிருக்கும் என்பது அவனுக்கு ஒரு வருடம் முன்புதான் தெரிந்தது. அதனால் எந்த அலறல் நிஜம், எது பாசாங்கு என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். பெரியவர்களுக்கு அது மறந்துபோயிருக்கும்.

நீந்த வந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று இல்லை. தை மாதம் கிணறு தளும்பி நிற்கும்போது மேட்டிலிருந்து தண்ணீருக்கு ஐந்தடிதான், யார் வேண்டுமானாலும் குதிக்கலாம். மாசி, பங்குனி என்று பயிருக்கு இறைக்க இறைக்கத் தண்ணீர் உள்ளே போகும். சித்திரையில் அதே மேட்டிலிருந்து 20 அடி, 25 அடி. கிணறு தானாகவே பாடத்தைக் கடினமாக்கிக்கொண்டு போகும். தினமும் குதித்து வந்தவனுக்கு உயரம் கூடியதே தெரியாது. விட்டுவிட்டு வந்தவன் விளிம்பில் நின்று கால் நடுங்குவான். ஆணி அடித்த மாதிரி நேராக இறங்குவது, சொருவு அடிப்பது, பல்டி, மல்லாக்க நீந்துவது எல்லாம் இந்தக் காலத்தில்தான். அடிவரை முங்கியதற்குச் சாட்சி ஒரு கைப்பிடிச் சேறு. மேலே வந்து கையை விரித்துக் காட்ட வேண்டும். கொஞ்சம் ஆழம் போனதும் காது வலிக்கும்; மூக்கைப் பிடித்துக் காற்றைக் காதுக்கு ஊதினால் விடும் என்பது பையன்களிடமிருந்து பையன்களுக்கு வந்த சங்கதி. கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், இரண்டு ஆள் ஆழத்தில் சில்லிடும். சில இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு குளிர்ச்சி தொடையில் வந்து மோதும். அதுதான் ஊற்றுக்கண்.

தோட்டக்காரர்கள் வைவார்கள். “ஏண்டா, கெணத்தக் கலக்கிச் சேறாக்கறீங்க, மோட்டாரு போடோணும், ஏறுங்கடா மேல!” ஏறாவிட்டால் கரையில் கிடக்கும் டவுசர்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அதே மனுசர் மோட்டாரை நிறுத்திவிட்டு, “சாமி, புட்வாலுல என்னமோ சுத்தீருக்குது, முங்கிப் பாரு” என்று கெஞ்சுவதும் உண்டு. வாளி விழுந்தால், மண்வெட்டி விழுந்தால் நாங்கள்தான். எந்தப் பக்கம் ஊற்று அடிக்கிறது என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வெடி எங்கே வைப்பது என்று முடிவு செய்தார்கள். கூலி இளநீர்.

சட்டங்கள் இருந்தன. யாரும் எழுதி வைக்கவில்லை, மீறினால் அடி விழும். தனியாக இறங்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது இறங்கவே கூடாது. கீழே ஆள் விலகாமல் மேலிருந்து குதிக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூட “காப்பாத்துங்க” என்று கத்தக் கூடாது. கிளம்பும்போது தலையை எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது இது: முங்குகிறவனுக்கு முன்னால் போகாதே. அவன் உன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இரண்டு பேரும் போவீர்கள். முதலில் கயிறோ துண்டோ வேட்டியோ வீசு. எட்டாவிட்டால் பின்பக்கமாகப் போய்த் தலைமயிரைப் பிடித்து இழு. கட்டிக்கொண்டால் அவனோடு சேர்ந்து நீயே கீழே முங்கு, அவனாகவே விடுவான். உயிர்காக்கும் பயிற்சிக்காரர்கள் இன்று படம் போட்டுக் காட்டுவதும் ஏறக்குறைய இதைத்தான். பத்து வயதில் இதை நாங்கள் ஒருவரை ஒருவர் முங்கடித்துப் பழகினோம்.

உயிரினங்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். தண்ணீர்ப் பாம்பு கடித்தால் விஷமில்லை என்பதும், கிணற்றுக்கு மேல் சாய்ந்த மரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டுவது பாம்பும் பூனையும் எட்டாத இடம் என்பதால்தான் என்பதும், பாறை இடுக்கில் புறா முட்டையிடும் மாதத்தில் அந்தப் பக்கச் சுவரில் ஏறக் கூடாது என்பதும் அங்கே பொதுஅறிவு.

செத்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். ஆனால் இந்தப் பள்ளியில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்த தலித் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் இறங்க முடியாது. கிணறு வெட்டியபோது பாறை சுமந்தது அவர்கள் தாத்தாக்களாக இருக்கும். தண்ணீரில் கால் வைத்தால் தீட்டு. அவர்கள் ஏரியிலும் கல்லுக்குழியிலும் தாங்களாகவே பழகினார்கள், எங்களைவிட நன்றாகவே. இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு, 2018-ல் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் கிணற்றில் குளித்ததற்காகத் தலித் சிறுவர்களை நிர்வாணப்படுத்தி அடித்த செய்தி நினைவிருக்கும். பெண்பிள்ளைகள் எங்கள் பக்கம் ஒன்பது பத்து வயது வரை வருவார்கள். என் அத்தை மகள் எங்கள் எல்லோரையும்விட நீளமாக மூச்சுப் பிடிப்பாள். ஒரு கோடையில் வரவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கிணற்று நீச்சலுக்காக ஏங்குகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம் என்பதைக் கவனித்திருக்கிறேன். காரணம் இதுதான்.

இனி சாவுக்கு வருவோம். பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. கவலை இழுத்த மாடுகள் மெல்ல மெல்ல ஓய்வுபெற்றன. மாடு இறைத்த காலத்தில் கிணற்றுக்கும் மாட்டுக்கும் சேர்ந்தே களைப்பு வரும். சாயங்காலம் நிறுத்தினால் ராத்திரிக்குள் ஊறிவிடும். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. தண்ணீர் இறங்க இறங்கப் பாறையை இன்னும் தோண்டினார்கள். பாசனமே மின்சாரத்தை நம்பியது என்று ஆனபின் கட்டணம் உயிர்ப்பிரச்சினை ஆனது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிகள் செத்தார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அந்த மின்சாரத்தில் விளைந்ததைத் தின்று படித்தவன் நான். ஆனால் தண்ணீரை எவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தாலும் செலவு ஒன்றுதான் என்று ஆனபோது, ஆழத்துக்கு எல்லை இல்லாமல் போனது.

கொலையாளி என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் ரிக் வண்டியைக் காட்டுவேன். நாடு முழுக்க ஆழ்துளை போடுகிற வண்டிகளுக்குப் பேர்போன ஊர் எங்கள் திருச்செங்கோடு. முதலில் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார்கள், பக்கவாட்டில் சைடு போர் போட்டார்கள். பிறகு கிணற்றை விட்டுவிட்டுக் காட்டின் மூலையில் 600 அடி, 1,000 அடி என்று இறங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பாறையில் தண்ணீர் மேலாக உள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். கிணறு குடிப்பது அதை. பக்கத்தில் நாலைந்து போர் சேர்ந்து உறிஞ்சினால் மேல் அடுக்கு காய்ந்து கிணற்றில் பாறை தெரியும். அதன்பின் அது குப்பைக் குழி, கோழி இறகு கொட்டும் குழி. மனை பிரித்து விற்றபோது ஜேசிபி வைத்து மூடினார்கள். 40 அடி அகலக் கிணறு போய், அதன் இடத்தில் ஆறரை அங்குல ஓட்டை வந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு கைவிட்ட ஓட்டையில் விழுந்து, நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்க, பிணமாகத்தான் மேலே வந்தது.

தண்ணீர் போனதால் நீச்சல் செத்தது என்று இத்தோடு கோப்பை மூடிவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021-ல் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டியது. எங்கள் சுற்றுவட்டத்தில் பல வருடம் காய்ந்து கிடந்த கிணறுகளில்கூடத் தண்ணீர் ஏறியது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பழைய கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, திட்டு முங்கியிருந்தது. விளிம்பில் ஏழெட்டுப் பையன்கள் நின்று கல் எறிந்துகொண்டிருந்தார்கள். இறங்கவில்லை. இறங்கத் தெரியவில்லை. அதில் மூத்தவனுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். அவன் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் முழுக்கக் கிணறு காய்ந்து கிடந்தது. அவனுக்குப் பழக்கிவிட வேண்டியவனுக்கும் பழக்கம் இல்லை. போன வருடம் பழகியவன் இந்த வருடம் பழக்கிவிடுவான் என்ற ஒரே கண்ணியில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பத்து வருட வறட்சி அதை அறுத்துவிட்டது. தண்ணீர் திரும்பி வந்தது, வாத்தியார் வரவில்லை.

வறட்சி மட்டும் காரணம் என்று சொன்னாலும் முழுசாகாது. காலை ஏழரைக்கு வேன், சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்கு ஒரு பிள்ளை, அதைக் கிணற்றுப் பக்கம் விட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கிணறுகள் உயிர் வாங்கியிருக்கின்றன, எங்கள் ஊரிலும்.

ஆனால் பிள்ளைகள் தண்ணீரை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு மே மாதமும் நாளிதழில் அந்தச் செய்தி இருக்கும். கைவிட்ட கல்குவாரிக் குட்டை, புதிதாகக் கட்டிய தடுப்பணை, காவிரி, பவானி. பிறந்தநாள் கொண்டாடப் போனவர்கள், கோயிலுக்குப் போன குடும்பம். ஒருவன் வழுக்கி விழுந்தான், அவனைப் பிடிக்கப் போன இரண்டாமவன், இருவரையும் பிடிக்கப் போன மூன்றாமவன். செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த இரண்டாமவனிடம்தான் நிற்கும். முன்னால் போகாதே, துண்டை வீசு என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நகரத்தில் நீச்சல்குளங்கள் இருக்கின்றன. கோடை வகுப்பு, தொப்பி, கண்ணாடி, குளோரின் வாடை. நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். காசுள்ளவர்கள் சேர்கிறார்கள், பெண்பிள்ளைகளும் சேர்கிறார்கள், யாரும் சாதி கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அது எங்கள் கிணற்றைவிட மேல். பிரேதத்துக்கு மாலை போட வந்த இடத்தில் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் குளத்தின் அடி தெரியும், சுவர் வழவழப்பாக இருக்கும், மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் சூடு ஒன்றே. அதில் மட்டும் பழகியவன் குவாரிக் குட்டையின் முன்னால் நிற்கும்போது அவனுக்குத் தெரிந்தது பாதிதான்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. 2021-லிருந்து ஐ.நா. ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக வைத்திருக்கிறது. பங்களாதேஷில் அந்த நாளைக் கொண்டாடுவதோடு நிற்கவில்லை. அங்கே ஊருக்கு ஊர் குளம். குளத்துக்குள் மூங்கில் நட்டு, நாலு பக்கம் தடுப்பு வைத்து, நிற்க மேடை கட்டி, அதற்குள் பிள்ளைகளை இறக்கிப் பழக்குகிறார்கள். நீந்துவதோடு, முங்குகிறவனுக்குக் கரையிலிருந்து கழியை நீட்டுவதும் பாடத்தில் உண்டு. பெரிய கட்டடம் இல்லை, குளோரின் இல்லை. பழக்குகிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் ஊர்க் கிணற்றில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். பாதிப் பேருக்கு மூட்டு வலி. என் பெரியம்மா மகனுக்குச் சர்க்கரை; நிலக்கடலையைக்கூட அளந்துதான் தின்கிறான்.